சனிக்கிழமை ஐந்து மணிக் காரியதரிசி

பேச்சாளர் பிடிப்பது யானை பிடிப்பதைவிடச் சிரமமான தொழில். யானைக்குக் காட்டில் ஒரு குழி வெட்டி, மேலே தழையைப் பரப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அது தானாக வந்து விழும். பேச்சாளரை அப்படி விட முடியாது. அவர் வீட்டுக்கே போய், "எனக்கென்ன தெரியும், என்னைப் போய்க் கூப்பிடுகிறீர்களே" என்று அவர் சொல்வதை மூன்று தடவை மறுத்து, வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அப்புறம், குழியில் விழுந்த யானை கூட்டத்தைப் பார்த்துப் பேசாது. இவர் பேசுவார்.

என்னைப்போல ஏதாவது ஒரு சங்கத்தில் காரியதரிசியாக இருந்து அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாளில் திருவனந்தபுரத்தில் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் கிளப் இருந்தது. ஊருக்குச் சேவை செய்வதற்கென்றே ஏற்பட்டது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அங்கத்தினர்கள் கூடுவார்கள்; விருந்தாளி ஒருவர் பேசுவார்; வடையும் காப்பியும் சாப்பிடுவார்கள். அதற்குள் ஊர் எப்படியோ முன்னேறியிருக்கும்.

நான் சர்க்கார் ஆபீஸில் நாலு வருஷமாக ஆக்டிங் குமாஸ்தா. எங்கள் ஸூப்பரிண்டெண்டு அனந்தராமய்யர்தான் கிளப்புக்கும் பிரசிடெண்ட். "ஒரு வருஷம் காரியதரிசியா இருந்து கிளப்பை நன்னா நடத்து. உன் வேலையை ஸ்திரப்படுத்தறது என் பொறுப்பு" என்றார். எனக்குக் கல்யாணமாகியிருந்தது. பெண்டாட்டி விசாலம் கல்லிடைக்குறிச்சியில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். வேலை ஸ்திரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். மாதம் ஒரு கார்டு அவரிடமிருந்து வரும். அதில் க்ஷேமம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "ஸ்திரமாச்சா?" என்ற ஒரே கேள்விதான். நானும் கரமனையில் ஒரு பாதி வீட்டை வாடகைக்குப் பிடித்து, எனக்கு நானே குழம்பு வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமையே நடந்துவிட்ட கூட்டம்

கூட்டத்தின் விவரம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தாக வேண்டும் என்பது பிரசிடெண்டின் உத்தரவு. பத்திரிகைக்காரர்களோ சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கூட்டமோ ஐந்து மணிக்கு. ஆகவே விவரத்தை வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். எல்லாப் பேச்சும் கருத்துச் செறிந்த பேச்சு. எல்லாக் கரகோஷமும் நீண்ட கரகோஷம். பிரசிடெண்டின் முடிவுரையில் சபையோர் மெய்மறந்து போவார்கள், அதுவும் வெள்ளிக்கிழமையே.

ஒரு வாரம், ரிடையரான டாக்டர் ஒருவர் 'குளிர்ஜுரம் வராமல் காத்துக்கொள்வது எப்படி?' என்று பேச ஒப்புக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருக்கே குளிர்ஜுரம் வந்துவிட்டது. விருந்தாளி வராவிட்டால் பிரசிடெண்ட் பேசுவார் என்பது கிளப் விதி. அவர் ஒன்றரை மணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். எழுந்து போக வழியில்லாமல் நாங்கள் எல்லாரும் ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்திரிகையைப் பார்த்தேன். டாக்டரின் பேச்சு அரைப் பத்திக்கு வந்திருந்தது, நீண்ட கரகோஷத்துடன். அவர் கோபித்துக்கொண்டு பிரசிடெண்டுக்கு எழுதினால் என் வேலை போச்சு, வேலை போனால் விசாலமும் போச்சு என்று பதறி, மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கையில் பத்திரிகையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார்: "ரொம்ப நன்னாப் பேசியிருக்கேனாக்கும். அடுத்த தடவையும் நான் வரலை, நீயே எழுதிடு."

தேயிலையின் மகிமை

பொன்முடியிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையை வரவழைத்தால் கிளப்பின் கௌரவம் உயரும் என்று பிரசிடெண்டுக்குத் தோன்றியது. எழுதினேன். துரையும் அத்தனை வளைவுகளையும் தாண்டி மலையிறங்கி மோட்டாரில் வந்தார். ஒரு மணி நேரம் இங்கிலீஷில் தேயிலையின் மகிமையைச் சொன்னார். தேயிலை சோர்வைப் போக்கும், புத்தியைக் கூர்மையாக்கும், மனிதனை நாகரிகமாக்கும் என்றார். பிறந்தது முதல் காப்பியைத் தவிர வேறொன்றையும் தொடாத எங்கள் அங்கத்தினர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார்கள்.

பேசி முடித்ததும் துரை ஒரு கோப்பை தேநீர் கேட்டார். கிளப்பில் அது கிடையாது. பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார்; நான் சமையற்கார வைத்தாவைப் பார்த்தேன். துரை மாதிரிக்கென்று கொண்டுவந்திருந்த தேயிலைப் பொட்டலத்தை வைத்தா எடுத்துக்கொண்டு உள்ளே போனான். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளரோடு வந்தான். பொட்டலம் முழுவதையும் போட்டு, சுக்கும் மிளகும் தட்டிச் சேர்த்து, நாலுக்கு ஒன்றாக வற்றவிட்டு இறக்கியிருந்தான். துரை ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்தார். பிறகு அதில் ஏறிக்கொண்டார்.

அவர் போனபின் பிரசிடெண்ட் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் வைத்தாவைப் பிடித்துக்கொண்டேன். கிளப்பில் அதிகாரம் இப்படித்தான் மேலிருந்து கீழே இறங்கும். வைத்தா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவதானமாகக் கேட்டான்: "ஒரு மணி நேரம் அதோட பெருமையைச் சொன்னாரே, எப்படிப் போடறதுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா?"

இரண்டு மேஜைகள்

சகோதரத்துவம் எங்கள் கிளப்பின் லட்சியம். அதனால் சிற்றுண்டிக்கு இரண்டே மேஜைகள்தான் வைத்திருந்தோம். ஜன்னல் பக்கத்து மேஜையில் அக்கிரகாரத்து அங்கத்தினர்களுக்கு வைத்தாவின் வடை. சுவர்ப் பக்கத்து மேஜையில் மற்றவர்களுக்கு ரொட்டிக் கடையிலிருந்து வந்த கேக். ஜன்னல் பக்கத்தவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பமாட்டார்கள். யாரும் பார்க்காத சமயத்தில் கேக் குறைவது மட்டும் எப்படியென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சமபந்தி போஜனத்தைப் பற்றிப் பேச ஒரு சீர்திருத்தக்காரர் வந்தார். மனிதனுக்கு மனிதன் பேதமில்லை, ஒரே பந்தியில் உட்காராதவன் மனிதனே இல்லை என்று மேஜையைக் குத்திப் பேசினார். நிஜமாகவே நல்ல பேச்சு. எல்லாரையும்விட அதிகநேரம் கைதட்டியவர் பிரசிடெண்ட். பேச்சு முடிந்தது. விருந்தாளி கையில் தட்டோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, "நான் எங்கே உட்காரவேண்டும்?" என்று கேட்டார். பிரசிடெண்ட் உடனே ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிக்க ஆரம்பித்தார். ஜன்னல் மேஜையைக் காட்டினால் பாதிக் கிளப் என்மேல் பாயும். சுவர் மேஜையைக் காட்டினால் விருந்தாளி பாய்வார். அப்போது வடைத் தாம்பாளத்தோடு வந்த வைத்தாதான் அவருக்கு விஷயத்தை விளக்கினான்: "பிரசங்கம் சமபந்திதான் ஸ்வாமி. வடை தனிப் பந்தி."

ஏழு சீட்டுகள்

பேச்சாளர் நேரத்தைத் தாண்டினால், 'தயவுசெய்து முடிக்கவும்' என்று ஒரு சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவது காரியதரிசியின் கடமை. கொண்டுபோய்க் கொடுப்பவர் ஆபீஸ் பியூன் குட்டன் பிள்ளை. ஒருநாள் வந்த விருந்தாளி கதாகாலக்ஷேபம் செய்கிறவர். கதை கேட்க வருகிறவர்கள், இன்ன பாட்டைப் பாடுங்கள் என்று மேடைக்குச் சீட்டு அனுப்புவார்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தில் அவர் என் சீட்டை வாங்கினார், பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார், இடுப்பில் செருகிக்கொண்டார். உற்சாகத்தோடு மேலே பேசினார்.

நான் இன்னொரு சீட்டு எழுதினேன். அதையும் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு சீட்டுக்கும் அரை மணி நேரம் நீண்டது. ஆறாவது சீட்டைக் கையில் வாங்கும்போது குட்டன் பிள்ளை, "இது நிக்கற வண்டி அல்ல ஸாறே" என்றார். ஏழாவது சீட்டுக்குள் பாதிச் சபை போய்விட்டது. பிரசிடெண்ட் என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் ஒரு வருஷம் ஆக்டிங் என்று எழுதியிருந்தது. மறுநாள் கோட்டை வாசலில் அந்த வித்வானைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. வீட்டுக்குப் போய் எல்லாச் சீட்டையும் பிரித்துப் படித்தாராம். வருத்தத்தோடு சொன்னார்: "ஏழு பேர் எழுதியிருக்கா, ஒருத்தருக்கும் ரசனை இல்லை. ஏழு பேருக்கும் ஒரே கையெழுத்து. ஒரே பள்ளிக்கூடத்துப் பசங்க போலிருக்கு."

நல்ல காரியதரிசி

இத்தனைக்கும் நடுவில் கிளப்பை நான் நன்றாகத்தான் நடத்தினேன். பத்து மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூடக் கூட்டம் தவறவில்லை. அப்போது எங்கள் இலாகாவின் நாகர்கோவில் ஆபீஸில் ஸ்திரமான இடம் ஒன்று காலியாயிற்று. வரிசைப்படி அது எனக்குத்தான். நாகர்கோவிலில் வீடு மலிவு என்று விசாலத்துக்கு எழுதினேன். அவளும் முதல் தடவையாக இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாள்.

அந்த இடம், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான ஒருவனுக்குப் போய்விட்டது. ஆபீஸில் கட்டுக் காகிதத்தின்மேல் தலைவைத்துத் தூங்குவதைத் தவிர வேறொரு காரியமும் செய்து அவனை நான் பார்த்ததில்லை. அன்றுவரை பிரசிடெண்டின் எதிரில் வாயைத் திறக்காதவன், நேரே போய் ஏன் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தோளில் கைவைத்து, நிஜமான பிரியத்தோடு சொன்னார்: "அசடே, குமாஸ்தா தம்பானூர் ஸ்டேஷன்ல ரயிலுக்கு ரயில் வந்து இறங்கறான். உன்னைப்போல ஒரு காரியதரிசி எங்கே கிடைப்பான்? நீ போயிட்டா சனிக்கிழமை என்னாகும்னு யோசிச்சுப் பாத்தியா?"

ஒன்றும் செய்யாத சனிக்கிழமை

அன்று சாயங்காலம் கரமனை ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லை. அழுது முடித்ததும் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நல்ல காரியதரிசியாக இருக்கிறவரையில் நான் ஆக்டிங்தான். அந்த வாரம் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. யார் வீட்டுக்கும் போகவில்லை. பத்திரிகைக்கு விவரமும் கொடுக்கவில்லை. வருகிறது வரட்டும் என்று சனிக்கிழமை கூடத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குப் பார்த்து, பிரசிடெண்ட் தாமே அழைத்ததன்பேரில் தலைமை வகிக்க எங்கள் இலாகாவின் பெரிய அதிகாரி தாணு பிள்ளை வந்திருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், எங்கள் ஆபீஸ் முழுவதும் அவர் கையெழுத்தில் ஓடியது. ஐந்தேகால் ஆயிற்று. பேச்சாளர் எங்கே என்று பிரசிடெண்ட் என் காதில் சீறினார். யாரையும் கூப்பிடவில்லை என்றேன். அவர் முகம் செக்கச் சிவந்தது. ஆனாலும் விதிப்படி எழுந்து, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொண்டையைக் கனைத்தார். "இரியும் ஓய்" என்று அவரை உட்காரவைத்தார் தாணு பிள்ளை. "இருவது வருசமாத் தலைமை வகிச்சு, உக்காந்து உக்காந்து எனக்கு நடுவு ஒடிஞ்சு போச்சு. பேச்சு ஒண்ணும் வேண்டாம். வடை ஆறிப்போவும்."

உடனே எழுந்த கரகோஷம் இருக்கிறதே, பத்து மாதமாக நான் பொய்யாக எழுதிய அத்தனை கரகோஷத்தையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. எல்லாரும் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார்கள். தாணு பிள்ளை இதை ஏற்பாடு செய்த காரியதரிசி யார் என்று கேட்டார். முன்னால் போனேன். எந்த ஆபீஸ், எத்தனை வருஷம் என்று விசாரித்தார். "இப்பிடி விவரம் உள்ளவன நாலு வருசமா ஆக்டிங்காவா வச்சிருக்கீரு?" என்று பிரசிடெண்டிடம் திரும்பினார். என்னை விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த பிரசிடெண்ட் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை: "நானும் அதைத்தான் ஸார் ரொம்ப நாளா யோசிச்சிண்டிருக்கேன்."

விசாலத்தின் அபிப்பிராயம்

புதன்கிழமை, வேலை ஸ்திரம் என்று உத்தரவு வந்தது. மாமனாருக்குத் தந்தி கொடுத்தேன். அடுத்த வாரமே பெண்ணையும் பித்தளைப் பாத்திரங்களையும் ரயிலில் கொண்டுவந்து தம்பானூரில் இறக்கினார். உத்தரவை ஒரு தடவை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார். அவர் போனபின் விசாலத்திடம் நடந்ததையெல்லாம், மேலே எழுதியிருக்கிறபடி ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கடைசிவரை கேட்டாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதை முதல் சனிக்கிழமையே பண்ணியிருக்கப்படாதோ? ஒரு வருஷம் அங்க உக்காந்து வடாம் பிழிஞ்சேனே."

ஆக அன்பர்களே, பத்து மாதம் ஓடி ஓடி உழைத்ததற்கு எனக்குக் கிடைத்தது மேலும் உழைப்பு, ஒரே ஒரு சனிக்கிழமை சும்மா நின்றதற்குக் கிடைத்தது உத்தியோகமும் பெண்டாட்டியும்.