'நீ' என்று சொன்ன குற்றம்

"சலூ, சா வா?"

ஸ்ரீரங்கத்தில் நான் வரவேற்பில் வேலை பார்த்த ஓட்டலின் மாடிப்படியில்தான் அந்தக் குரலைக் கேட்டேன். பிரான்சிலிருந்து வந்திருந்த வயதான பெண்மணி ஒருவர் முழங்கால் வலியோடு பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்ட, அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "து வே அன் கூ த மேன்?" என்று பெட்டியில் கை வைத்தார். திகைத்து நின்ற பெண்மணி வாய்விட்டுச் சிரித்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு எட்டு வருடம் சமைத்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பேசியே மொழியைப் பிடித்திருந்தார். "என்ன, நல்லா இருக்கியா? ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றுதான் அன்று கேட்டிருக்கிறார். பிரெஞ்சிலும் நம்மைப் போலவே 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. பிள்ளைகளிடம் பழகிய வாயில் 'நீ'தான் வந்தது. பெண்மணியும் அப்படியே பேசச் சொல்லிவிட்டார்.

பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டி ஒருவர் இதை மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தார். மறுநாள் காலை எங்கள் எல்லோர் முன்னாலும் மேனேஜர் கத்தினார். "ஏய், இங்க வா! கெஸ்ட்டையே நீ, வா, போன்னு பேசுறியாமே? மரியாதைன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு?"

தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை 'டி' போட்டுக்கொண்டே மரியாதைக்குப் பாடம் எடுத்தார் அந்த மனிதர்.

அக்காவைப் பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். விருந்தினர் கண்ணில் படக் கூடாதாம். பெண்மணி என்னிடம் வந்து அக்கா எங்கே என்று கேட்டார். லீவில் இருப்பதாகச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. அப்படியே சொன்னேன்.

அவர் நம்பவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் வலிக்கும் காலோடு பின்கட்டுக்கே போய்விட்டார். மேனேஜர் பின்னாலேயே ஓடினார். "நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன். இவள் என் தோழி" என்று பெண்மணி ஆங்கிலத்தில் சொல்ல, "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று குழைந்தார். கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், "போ, போய் வேலையைப் பாரு" என்றார், வழியனுப்ப வாசலுக்கு வந்திருந்த அக்காவிடம்.

அக்கா நகரவில்லை. "சார், இனிமே என்னை நீங்கன்னு கூப்பிடுங்க."

மேனேஜர் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சீருடைக் கோட்டைக் கழற்றி என் மேசைமேல் மடித்து வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறார். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவைப் பதமாக உட்கார வைத்தார். தயங்கித் தயங்கி அந்த மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தேன்.

"அவன் கிடக்குறான், விடு" என்றார் அக்கா. "அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான். எனக்கு லீவுன்னு அந்தம்மாகிட்ட சொன்னியே, அதைத்தான் என்னால மறக்க முடியல."

பிறகு, அம்மாவின் கால் இடிக்காதபடி நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.