அல் ஃப்ரெஸ்கோவும் முருங்கைப் பூவும்

ஹோட்டலுக்குப் போனால் வெளியேதான் உட்கார வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிக்கும்போதெல்லாம், பிள்ளைகளே, எனக்கு எங்கள் வீட்டு முருங்கை மரம் ஞாபகம் வரும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே கூடம். அதைத் தறி பிடித்துக்கொண்டது. தறியில் எப்போதும் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை இருக்கும். ஒரு சொட்டுக் குழம்பு தெறித்தால் பட்டு போச்சு. சமையலறையோ அம்மாவுக்கும் அடுப்புக்கும் மட்டுமே போதும். அதனால் பின்பக்கம் முருங்கை மரத்தடியில்தான் எங்கள் சாப்பாடு.

எனக்கு அது பெரிய வெட்கம். வாத்தியார் மகனான என் வகுப்புத் தோழன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொன்னதும், அப்பாவிடம் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு நாள் உள்ள சாப்பிடறோம்பா."

"கறை பட்டா அந்தப் புடவைய நீ கட்டிக்கினு ஸ்கூலுக்குப் போறியா?" என்றார் அப்பா, தறியை விட்டு எழாமலே.

தோழன் வந்தான். மரத்தடிப் பாயில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். "ஏன்டா, வீட்ல எடம் இல்லியா?" என்று கேட்டேவிட்டான். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சென்னையில் பெரிய ஹோட்டலொன்றில் பரிமாறும் வேலை பார்த்த சித்தப்பா அன்று லீவில் வந்திருந்தார். துண்டை மடித்து முன்கையில் போட்டுக்கொண்டு, ரசப் பாத்திரத்தோடு அவன் முன் குனிந்தார்.

"சார், இதுக்குப் பேரு அல் ஃப்ரெஸ்கோ. இத்தாலிக்காரன் பாஷை. சில்லுனு காத்துலன்னு அர்த்தம். எங்க ஹோட்டல்ல உள்ளார டேபிள் காலியா இருக்குது, வெளிய உக்கார ஜனம் காத்துக்கினு நிக்குது. ரசம் ஊத்தட்டா சார்?"

சொல்லும்போதே ஒரு முருங்கைப் பூ அவன் தட்டில் விழுந்தது. "இதுக்குத் தனி சார்ஜ் இல்ல சார்!"

தோழன் சிரித்ததில் புரையேறிவிட்டது. இரண்டு முறை மறுசோறு வாங்கினான். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க அந்தச் சொல்தான்.

வளர்ந்தபின் அகராதியில் பார்த்தேன். சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் வெளியே சாப்பிடுவதற்கு இத்தாலிக்காரர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்களாம். இதை எடுத்துப் பரப்பியவர்கள் இங்கிலீஷ்காரர்கள்தான்.

அன்று தோழன் போனபின் கேட்டேன்: "நீயும் அங்க வெளியதான் சாப்பிடுவியா சித்தப்பா?"

"நமக்கு உள்ளதான்பா. சமையக்கட்டு ஓரமா, நின்னுக்கினே."

உள்ளேயே சாப்பிடுகிறாராம்! கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் தன் தட்டோடு மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன சோற்றை ஏன் அத்தனை நேரம், அத்தனை நிதானமாகச் சாப்பிட்டார் என்பதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.