சீனித்தண்ணிப் போத்தல்

டுசல்டோர்ஃபில் எங்கள் பால்கனிக் கம்பியில், சிவப்பு மூடி போட்ட ஒரு சின்னப் போத்தல் தொங்குகிறது. பறவைகளுக்குச் சீனித்தண்ணி ஊற்றி வைப்பதற்கென்று கனடாவிலிருந்து பார்சலில் வந்தது. அதில் எந்தப் பறவையும் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. கழற்றி எறிய எத்தனையோ முறை கை வைத்து, பிறகு விட்டிருக்கிறேன்.

அனுப்பியவள் என் கணவரின் தங்கை. வீட்டாரைக் கேளாமல், விரும்பியவனைக் கட்டிக்கொண்டு கனடா போனவள். அன்றிலிருந்து மாமி, என் கணவரின் அம்மா, மகளோடு நேரே கதைப்பதில்லை. நான் போனைச் சத்தமாக வைத்து மேசையில் விடுவேன். "சாப்பிட்டவளோ எண்டு கேள்" என்பார் மாமி. "சாப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணி" என்று பதில் வரும். இருவருக்கும் மற்றவர் குரல் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். சில நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு புரட்டாதியில் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். கட்டைவிரலளவு ரீங்காரச்சிட்டு ஒன்று, சிறகு தெரியாத வேகத்தில் அந்தரத்தில் நின்றபடி சீனித்தண்ணி குடித்தது. குளிருக்கு முன் தெற்கே போகின்றனவாம், வழிச்சாப்பாடு வைத்திருக்கிறாளாம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது எங்கடை பூச்சட்டிக்கும் வாறது. அங்கையிருந்து வெளிக்கிட்டுத்தான் இஞ்சை வருகுது" என்றார். அன்று மாலை போனில், என்னைத் தாண்டி, "உன்ரை சிட்டு இண்டைக்கு வந்தது பிள்ளை" என்றார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அதன்பின் சிட்டைப் பற்றி மட்டும் தாயும் மகளும் நேரே கதைத்தார்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல என் வழியாகத்தான். பூச்சட்டிக்கு வந்ததை மாமி வீடியோ எடுத்து அனுப்பினார். அங்கிருந்து போத்தலும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு பக்கத்துப் பால்கனி ஜெர்மன்காரர் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். ஐரோப்பாவில் அந்தச் சிட்டே கிடையாதாம். எங்களிடம் வருவது பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சி, அதுவும் இலையுதிர் காலத்தில் தெற்கே போவதுதானாம். இனிப் போனும் நின்றுவிடும் என்று நினைத்தேன். மாமி போத்தலைக் கழுவிப் புதுச் சீனித்தண்ணி ஊற்றினார். "அவளுக்குச் சொல்லிப்போடாதை. சிட்டு எண்டுதானே போன் எடுக்கிறாள்."

தை மாதத்தில் மாமி தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் செத்தவீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாள். வா என்று மாமி ஒருநாளும் சொன்னதில்லை, வரட்டோ என்று அவளும் கேட்டதில்லை. பால்கனியில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா அனுப்பின முதல் வீடியோவிலையே பூச்சி எண்டு தெரியும் அண்ணி. சொன்னா அம்மா கதையை விட்டிடுவா எண்டு பயந்தன்."

"அவவுக்கும் தெரியும்" என்றேன்.

கம்பியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். "அப்ப வேறை ஏதும் கதைச்சிருக்கலாமே" என்றாள்.

இது மறுபடி புரட்டாதி. நேற்று அந்தப் பூச்சி வந்து, பூக்களில் குடித்துவிட்டு, போத்தலைத் திரும்பியும் பாராமல் போனது. சற்று நேரத்தில் கனடாவிலிருந்து போன். "இண்டைக்கு வந்ததோ அண்ணி?"

"ஓம், வந்தது" என்றேன். பிறகு, அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்காக, போத்தலுக்குப் பக்கத்தில் மாமி வழக்கமாக உட்காரும் கதிரைப் பக்கம் திரும்பினேன்.