முதலில் வரைந்த முகம்

மலாய் நாட்டில், தங்காக் என்கிற ஊரில் நான் தையல்காரன். என் கடைக்கு எதிரே காக்கிலீமா என்கிற கூரை போட்ட நடைபாதையில் மேசை போட்டு, மையால் படம் வரைந்துகொண்டிருந்தார் ஒரு சீனர். என் ஆறு வயது மகளுக்கு அந்த மேசையடிதான் வீடு. சோற்றுக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டாள்.

குளிர்காய்ச்சலில் அவள் போனபோது எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. பக்கத்து நகரமான மூவாருக்குக் கூட்டிப்போய் எடுக்கலாம் என்று மனைவி கேட்டபோதெல்லாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட பாவி நான்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்றே சீனரிடம் போய், அவள் முகத்தை வரைந்து தரும்படி மலாயில் கேட்டேன். செத்த பிள்ளையின் படத்தைப் பெற்றவர்கள் மாட்டுவது சீனர்கள் வழக்கத்தில் இல்லையாம். தயங்கினார். நான் அழுததைப் பார்த்துத்தான் மைக்கட்டியைக் கல்லில் உரைத்தார்.

ஒரே மூச்சில் வரைந்து நீட்டினார். கொழுகொழு கன்னம், சிரிக்கப்போகிற வாய். நான் ஒப்பவில்லை. ஊருக்கே அளவெடுப்பவன் என்ற திமிர் எனக்கு. கன்னம் இவ்வளவு இல்லை, கண் இன்னும் உள்ளே போகவேண்டும் என்றேன். அந்த மையை அழித்துத் திருத்த முடியாது, தாள் உறிஞ்சிவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுத் தாள். நான் தள்ளியவற்றை, இறந்தவர் முகமாயிற்றே என்று குப்பையில் போடாமல் அடுப்பில் எரித்தார். ஏழாவது தாளில்தான் "இதேதான்" என்றேன்.

வீட்டில் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க இது, காய்ச்சல்ல கெடந்தப்போ இருந்த மொகமில்ல? நல்லா இருந்தப்போ எம்புள்ள எப்படி இருந்தா, ஒங்களுக்கு ஞாபகமே இல்லையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் படுக்கையருகே உட்கார்ந்து பார்த்த முகத்தையே சொல்லிச் சொல்லி வரையவைத்திருக்கிறேன். அவள் விளையாடியதைத் தினமும் பார்த்த மனிதர் முதலிலேயே சரியாகத்தான் வரைந்திருந்தார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த முதல் படத்தை மறுபடி வரையுங்கள் என்று கெஞ்சினேன். தாளை விரித்தார், தூரிகையை நனைத்தார். தாளைத் தொடாமலே அதைக் கீழே வைத்தார்.

"தா போலே," என்றார், முடியாது என்று. நீ சொன்ன முகம்தான் இப்போது எனக்கும் வருகிறது என்றார்.

மறுநாள் மனைவியைக் கூட்டிப்போனேன். நீயே நினைவிலிருந்து சொல், அவர் வரையட்டும் என்றேன். சொல்ல வாயெடுத்தவள், கண்ணை மூடி மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படத்த ஏங்க எங்கிட்டக் காட்டினீங்க?"