ஊமை புரொஜக்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

எங்கள் பள்ளியின் பழைய பதினாறு எம்.எம். புரொஜக்டர் என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது எடைக்குப் போடப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற பிசிக்ஸ் டீச்சர் என்ற உரிமையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மதுரை கே.கே. நகருக்கு வந்துவிட்டேன். தனிக்கட்டையின் வீட்டில் இடத்துக்கா பஞ்சம்? கூடவே பறவைகளைப் பற்றிய ஒரு படச்சுருளும் வந்தது.

படம் ஓடும், சத்தம் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அதன் ஒலிப்பகுதி செத்துவிட்டது. அதனால் என் தோழி, தமிழ் டீச்சர், திரைக்குப் பக்கத்தில் நின்று தானே கதை சொல்வாள். நாரைக்கும் கொக்குக்கும் மாமியார் மருமகள் சண்டை மூட்டிவிடுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். படம் முடிந்ததும் தொண்டை கட்டிப்போய் என்னிடம் வருவாள்.

"ஏண்டி, பிசிக்ஸுன்னு பெருசா பேரு. இந்தச் சனியனப் பேச வைக்கத் தெரியல உனக்கு. படத்துக்குப் பின்னால பேசுற அந்த ஆளு என்னதான் சொல்றான்னு ஒருநாளாச்சும் கேக்கணும்டி."

செய்கிறேன் என்பேன். பேப்பர் திருத்தவே நேரம் சரியாக இருந்தது.

இப்போது அவள் அலங்காநல்லூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஓய்வுபெற்ற புதிதில் அடிக்கடி வந்தாள். பிறகு பண்டிகைக்கு வந்தாள். பிறகு போன் மட்டும், அதுவும் நான் செய்தால்தான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது போயிருப்பேன். இந்த மெஷின் பேசினால் அதைக் கேட்க அவள் ஒருநாள் வருவாள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

பிலிமின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். அதுதான் ஒலி. ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் அதைத் தாண்டி, எதிரே உள்ள ஒளிமின் செல்லில் விழும். செல் அதை மின்சாரமாக்கும். இல்லை என்று சொல்லிவிடக்கூடிய அளவு மின்சாரம். அதைப் பெருக்கித் தர வேண்டிய பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிய செல்லும், ஒலியைப் பெருக்கும் ஐ.சி.யும் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன்.

"இன்னுமா டீச்சர் இதையெல்லாம் ஓட்டுறீங்க? டிவியில பாத்துட்டுப் போறதுக்கு இம்புட்டு மெனக்கெடணுமா?" என்றார் கடைக்காரர்.

தோழிக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பொழுது போகணும்ல" என்றேன். அதுவும் பொய் இல்லை.

சாப்பாட்டு மேஜை வேலை மேஜையானது. ஒருத்தி சாப்பிட அதில் ஒரு மூலை போதும். பாகங்களை ஈயத்தால் பற்றவைத்து, பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்து, ஸ்பீக்கரை இணைத்தால் 'உர்ர்' என்று ஓயாத உறுமல். என் பெட்டி ஓடுவதோ பேட்டரியில். வீட்டுக் கரண்டின் உறுமல் அதில் வரவே கூடாது. எர்த் வயரை மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன், என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. உறுமலும் நின்றது. அட, தலைக்கு மேலே டியூப்லைட்! அது கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குவதைத்தான் செல் இத்தனை நாளும் விசுவாசமாக ஒலியாக்கிக் கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம் இது.

அந்த இருட்டில் செல்லின் மேல் டார்ச்சை அடித்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு சீப்பை இழுத்தேன். ஸ்பீக்கர் 'டர்ர்ர்' என்றது. சந்தோஷம் தாங்கவில்லை. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆள் இல்லை. மறுபடியும் சீப்பை இழுத்தேன்.

மறுநாள் விளக்குகளை அணைத்துவிட்டுப் படத்தை மாட்டினேன். கணீரென்று ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் கொக்கின் கால் நீளத்தை விளக்கியது. லேசாக ஒரு கீச்சு இருந்ததே தவிர, ஒரு வார்த்தை பிசகவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"சத்தம் வந்துருச்சுடி! எல்லாம் தெளிவா கேக்குது."

"நெசமாவா? எம்புட்டு வருசமாக் கேட்டேன். என்ன சொல்றான் அந்த ஆளு?"

சொன்னேன்.

"அதான் நல்லாப் பேசுறான்ல. இனி நான் வந்து என்ன செய்யப் போறேன்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவளை வரவழைக்கச் செய்த பெட்டி, அவள் வந்து கதை சொல்லும் வேலையையே இல்லாமல் ஆக்கிவிட்டது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார், தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"இன்னும் முடியலடி. குரல் லேசா கீச்சுன்னு இருக்கு. ஒரு கெப்பாசிட்டர் மாத்தணும்" என்றேன்.

"அப்படியா? மாத்திட்டுக் கூப்பிடு, வாரேன்."

அந்தக் கெப்பாசிட்டரை வாங்கி வைத்திருக்கிறேன். மாற்ற அரை மணி நேரம் போதும். மாற்றி, கூப்பிட்டு, அதன் பிறகும் அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. இன்னும் மாற்றவில்லை.