நாற்பத்தொன்றாம் பாடம்

காலை ஏழு மணி. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பேசினாள். அவள் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தேன். அத்தான் திறந்தார். மேசைமேல் அவருடைய பழைய போன் கிடந்தது. அதற்குள்ளிருந்துதான் அக்கா ஸ்பானிஷில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டியா, வாலு?" என்றார். ஐம்பத்திரண்டு வயதிலும் வீட்டில் எனக்கு அந்தப் பெயர்தான்.

"பயமா? உசுரே போயிடுச்சு. என்ன அத்தான் இதெல்லாம்?"

"பாடம் படிக்கிறேன்."

எனக்குக் கெட்ட கோபம். வாயைத் துடைத்துக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் அவரும் அக்காவும் கடல் தாண்டிப் போய்க் குடியேறுவதாகப் பேச்சு. பிள்ளை குட்டி இல்லை, தடுக்க யாருமில்லை. ஒரே ஒரு தடவை சுற்றுலா போன ஊர் அது. மாடியே இல்லாத ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த அக்கா, எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம். "இந்த மனுஷன் ஆயுசுக்கும் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமேலாவது தரையில இருக்கட்டும்" என்றாளாம். அந்த வீட்டைப் பேசி முடித்தார்கள். குடியேற அனுமதி தருகிற அதிகாரி ஸ்பானிஷிலேயே நாலு கேள்வி கேட்பார் என்பதுதான் பாக்கி.

அத்தானுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும். போனில் பாடம் நடத்திய பெண்ணை, "இவ என்ன, ரயிலைப் பிடிக்கவா ஓடுறா?" என்று திட்டி மூடிவிட்டார். அதனால் அக்காவே புத்தகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசிப் பதிவு செய்தாள். முதலில் கேள்வி. பிறகு அவர் பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி. பிறகு சரியான பதில். கடைசியில் ஒரு 'முய் பியென்'. ரொம்ப நல்லது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் குழையும்.

பதில் சொல்லாமல் அத்தான் அடுத்த கேள்விக்குப் போகவே மாட்டார். தொழில் பழக்கம். லிஃப்டுக்குக் கீழே குழிக்குள் நிற்கிறவர் "மேலே" என்று குரல் கொடுத்தால், உச்சியில் மோட்டார் அறையில் இருக்கிறவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பட்டனில் கை வைக்கலாம். ஒருதரம் திருப்பிச் சொல்லாமல் ஒருவர் அவசரப்பட்டதில், குழிக்குள் நின்றவருக்கு இரண்டு விரல் போனது. பார்த்தவர் அத்தான்.

முதல் வாரம் நான் ஏழு மணிக்குத் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வாரம் பொத்தவில்லை. அதற்கடுத்த வாரம், ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சுவரோரம் போய் நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிறவள் நான். இங்கே சுவரில் காதை வைத்துக்கொண்டு செத்துப்போனவளுக்குப் பதில் சொன்னேன். அக்கா இல்லாவிட்டாலும் அந்த ஊருக்குப் போவதில் அத்தான் உறுதியாக இருந்தார். அவர் போனால் போனும் போகும், அக்காவும் போவாள். அவருக்கு அனுமதி கிடைக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன். பாவிதான் நான்.

நினைத்தபடியே நடந்தது. நேர்காணலுக்குப் போன அன்று மத்தியானம், அத்தான் தொங்கிய முகத்தோடு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியா, உங்ககூட யார் வர்றாங்கன்னு கேட்டார். மி எஸ்போசான்னேன்."

என் பொண்டாட்டி என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயோ அத்தான்!"

"பழைய பாடத்துல படிச்சது, வாய் தானா சொல்லிடுச்சு. அவங்க பேப்பரைக் கொடுங்கன்னார். அவளோட இறப்புச் சான்றிதழ்தான் கையில இருந்துச்சு. அதைக் கொடுத்தேன்."

அதிகாரி நல்ல மனுஷர். காகிதத்தை வாசித்துவிட்டு, மடித்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம். வியாழக்கிழமை இன்னொரு தரம் வாருங்கள், அதற்கு மேல் தேதி தர முடியாது என்று அனுப்பியிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தக் கேள்விக்கு அக்கா சொல்லிக் கொடுக்கலையா?"

"அதுதான் நாற்பத்தொன்னாம் பாடம், கடைசிப் பாடம். ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு மூணு நாள் முன்னாடி பேசி வெச்சது. கேள்வியோட நிறுத்திடுவேன்."

"ஏன்?"

"நான் இன்னும் பதில் சொல்லலையே வாலு. சொல்லாம எப்படி நகர்றது?"

"நல்லா இருக்கு நியாயம்!" அவர் சட்டைப்பையிலிருந்த போனைப் பிடுங்கி அந்தப் பாடத்தை ஓடவிட்டேன். அவர் கையை நீட்டினார், அப்புறம் தானாகவே மடக்கிக்கொண்டார்.

அக்கா கேட்டாள். உங்களுடன் யார் வருகிறார்கள்?

மற்ற பாடங்களில் பத்து விநாடிதான் இடைவெளி. இதில் ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைக்கப் போனேன்.

"அணைக்காதே, அவ இன்னும் இருக்கா" என்றார் அத்தான்.

உற்றுக் கேட்டேன். கடைசி நாட்களில் அவளுக்கு இருந்த இளைப்பு கேட்டது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாக, "வெங்கோ சோலோ" என்றாள்.

நான் தனியாக வருகிறேன். பின்னால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பதில் அதில் இல்லை.

அவள் சொன்ன உடனே போனுக்குள் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம். அத்தானின் குரல், "யார்கூடப் பேசிட்டு இருக்கே?"

"உங்ககூடத்தாங்க" என்றாள் அக்கா. அத்தோடு பதிவு முடிந்தது.

அத்தான் கண்ணைத் துடைக்கவில்லை. குழிக்குள் நிற்கிறவர்போல அண்ணாந்து, எனக்கும் கேட்கிற மாதிரி உரக்க, "வெங்கோ சோலோ" என்றார்.

சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தார். எல்லாப் பாடத்திலும் வருகிற அந்தக் கடைசி வார்த்தைக்குக் காத்திருந்தார். இந்தப் பாடத்தில் அதைச் சொல்ல அக்காவுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அது வராமல் இந்த மனுஷன் நகரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வியாழக்கிழமை தாண்டிவிடும், இவர் பக்கத்து வீட்டிலேயே இருப்பார், தினமும் ஏழு மணிக்குச் சுவர் பேசும்.

என்னையே நிமிர்ந்து பார்த்தார்.

"முய் பியென், அத்தான்" என்றேன்.