எரிக்காமல் வைத்த தலையணை உறை

பிரெஞ்சுக்காரக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய வருஷம், எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு மதாம் தன் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மேசை நாற்காலிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் பழைய ஜன்னல் திரைகள் மூட்டையாகக் கிடந்தன. ஒரு முனையை இழுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல நூலு. எத்தினி தடவ தொவைச்சாலும் தாங்கும். எடுத்துக்கோ" என்றார்.

அவர் மில்லில் தறி ஓட்டினார். துணியைத் தொட்டால் போதும், அதன் குறை நிறையைச் சொல்லிவிடுவார். கறைபட்டது, இழை அறுந்தது, தறியில் பாவு முடியும்போது மிஞ்சியது என்று ஒதுக்கிய துண்டுகளை மில்லில் மாதம் ஒரு தடவை தொழிலாளிகளுக்கே கொடுப்பார்கள். மற்றவர்கள் பெரிய துண்டாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். இவர் எனக்குப் பிடிக்கிற நிறமாகப் பார்த்துப் பொறுக்குவார். மில் சங்கு ஊதியதும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டும்போது அவர் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். அதற்குள் நான் தைத்துப் போட்டதற்குக் கணக்கில்லை. மதாம் வீட்டுத் திரையில் கதவுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. தண்ணீர்ப் பானைக்கு மூடுதுணி. அடுப்பிலிருந்து சட்டி இறக்கக் கரித்துணி, அதையும் நான்கு நிறத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். மிஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல். ஒரு துண்டைக் கையில் வாங்கியதுமே அது என்னவாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அது வரைக்கும் பெட்டியில் மடித்து வைத்து, வேலை இல்லாத மத்தியானங்களில் எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

"வாசப்படிக்கும் ஒரு சட்டை தெச்சுப் போட்டுடு" என்று அவர் கேலி செய்வார். அடுத்த மாதம் இன்னும் இரண்டு துண்டு கூடுதலாகக் கொண்டுவருவார்.

மகள் பிறந்தாள். அவள் படுக்க, போர்த்த எல்லாம் அந்தத் துண்டுகள்தான்.

அவருக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வரிசை வீடுகளில் மில்லுக்குப் போகிற எல்லாரும் இருமினார்கள். மகளுக்கு நான்கு வயதான சமயம், ஒரு காலையில் அவர் தலையணை உறையில் சிவப்பாக ஒரு திட்டு பார்த்தேன்.

"வெத்தல சாறும்மா, ஒண்ணுமில்ல" என்றார்.

முந்தின நாள் அவர் வெற்றிலை போடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒன்றும் கேட்காமல் உறையைத் துவைத்துக் காயப்போட்டேன். இப்படி மூன்று தடவை துவைத்தேன்.

நான்காவது தடவை ரத்தம் வந்தபோது மில்லிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காசநோய், இரண்டு பக்கமும் போய்விட்டது என்றார்கள். ஊசி போட்டார்கள். ஏழு மாதம் இருந்தார். கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தபடியே இருப்பார். நான் தைத்த தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக முதுகுக்கு அண்டக் கொடுப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள், மூலக்குளத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள். அவள் என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். "அவன் மேல பட்ட துணி ஒண்ணு விடாம கொளுத்தணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க இல்ல? கொண்டா எல்லாத்தையும். புள்ள இருக்குற வீடு" என்றாள்.

தலையணைகள், போர்வைகள், கதவுத் திரை. வரிசை வீடுகளின் பின்னால் பொட்டல் வெளியில் குவித்தோம். அவள் கோலால் கிளறிக் கிளறி விட்டாள். பஞ்சு சீக்கிரம் எரியாமல் புகைந்தது. ஆறு வருஷம் அவர் பொறுக்கி வந்ததும் நான் தைத்ததும் மத்தியானத்துக்குள் முடிந்தது. நான் அழவில்லை. அவள் சரியானதைத்தான் செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. நீலக் கோடு போட்ட தலையணை உறை. அவர் கடைசியாகக் கொண்டுவந்த துண்டு அது. புடவைக்கு அடியில் ஒளித்தேன். கொதிநீரில் போட்டு எடுத்திருக்கலாம். போட்டால் அவர் தலை எண்ணெயின் வாசனை போய்விடும் என்று போடவில்லை.

மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தோடு அணைத்துக்கொண்டு, "அப்பா வாசன வருதும்மா" என்றாள். பிடுங்கியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. தினமும் அதோடுதான் தூங்கினாள்.

நான்கு மாதத்தில் அவளுக்குச் சாயங்காலம் தோறும் காய்ச்சல் வந்தது. கழுத்தில் கட்டி திரண்டது.

டாக்டரிடம் உறையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "துணியால வந்ததில்லம்மா. அப்பாகூட ஒரே ரூம்ல படுத்திருந்த குழந்தை. அப்பவே உள்ள போயிருக்கும். வைத்தியம் பார்த்தா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். இன்று வரை என்னால் அதை நம்ப முடியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு, குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த நாத்தனார் பாயில் கிடந்த உறையைப் பார்த்தாள்.

"இது எப்பிடி இங்க இருக்குது?"

நான் குனிந்து அதை எடுக்கப் போனேன்.

"சொல்லு. அன்னிக்கே ஒளிச்சு வச்சுட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உறையை இரண்டு விரலால் தூக்கிப்போய் என் அடுப்பிலேயே திணித்தாள். "தம்பியத்தான் வாரிக் குடுத்துட்டோம். இந்தப் புள்ளையையும் குடுக்க மாட்டேன். ஒடம்பு தேறட்டும், கொண்டாந்து விடறேன்" என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். குழந்தை என்னைப் பார்த்துக் கை நீட்டியது. வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

மூலக்குளத்தில் அவள் வீட்டில் கறவை மாடு இருந்தது, நல்ல காற்று இருந்தது. நாத்தனார் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ஊசி போட வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் பிள்ளை தேறிவிட்டது. அதற்குள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். நான் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போய்ப் பார்ப்பேன். போகப் போக, என்னைக் கண்டதும் ஓடிவருவது நின்றது. அத்தையை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள், யாராவது சொல்லிக்கொடுத்த பிறகு.

பக்கத்து வீட்டுப் பெண்கள் பாவம் பார்த்துத் துண்டுத் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊசியில் நூல் கோத்துவிடுவேன். அதற்குமேல் கை ஓடாது. ஒரு துண்டைப் பார்த்தால் அது என்னவாகும் என்று முன்பெல்லாம் தெரியும். இப்போது வெறும் துணி.

பிள்ளை தேறிய பிறகு வந்த பொங்கலுக்கு நாத்தனாரே அவளை அழைத்துவந்து விட்டாள். "ரெண்டு நாள் உங்கூட இருக்கட்டும்" என்றாள். அவள் கிளம்பியதும் பிள்ளை வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாதம் பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டது. சாயங்காலமே பாய் விரிக்கப் போனபோது கேட்டது:

"நான் இன்னிக்கு இங்கதான் படுக்கணுமா?"

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அவளை மூலக்குளத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் விட்டுவந்தேன்.